மூன்று நிமிடப் படம்

கெமி நகரத்தில் ஜனவரிப் பகல்
கைமாற்றுப் பணம்போல வந்து போகும்.
பதினொரு மணிக்கு நீலம் கலைய,
இரண்டு மணிக்கு மறுபடி நீலம்.
நடுவே சிர்க்கு வீட்டு மணியை அழுத்தினேன்,
காலணியில் பனி, பையில் கேமரா.

"இவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை."
வாங்க என்பதற்கு முன்பே சொன்னாள்,
நெடுநாள் வாயில் அடக்கிய கல்லைத் துப்புவதுபோல.

வேய்த்திக்கு நாலு மாதம்.
எடை சரி. தலைச்சுற்றளவு சரி.
தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம் பாக்கியில்லை.
அப்பன் யால்மரி
இரவெல்லாம் ஓடுபாதையில் பனி தள்ளிவிட்டு
விடியலில் வந்து
(விடியல் என்பது சும்மா ஒரு பெயர்)
ஒரு கையுறையைக் கழற்றாமலே தூங்கிப்போகிறான்.
எதிர்வீட்டார் கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.
இங்கே அது மரியாதை.

"பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன்,
யார் பிள்ளைக்கோ கூலிக்கு வந்தவள்போல.
நான் பார்த்தால் இவன் சுவரைப் பார்க்கிறான்."

நான் மறுக்கவில்லை.
மூன்று நிமிடம் படம் பிடிக்கலாமா என்றேன்.
நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.
அந்த ஒதுக்கலில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு, ரொட்டித் துணுக்கு சிந்திய மேசையில்
மடிக்கணினியைத் திறந்து ஒலியை அணைத்தேன்.
முதல் நிமிடம் அவள் சொன்னபடியே:
அவள் பார்க்கிறாள். அவன் சுவரைப் பார்க்கிறான்.
"பார்த்தீர்களா" என்றாள்,
வழக்கில் ஜெயித்தவள்போல.

ஒரு நிமிடம், ஏழாவது நொடி.
புட்டியின் மூடியைத் தேடி அவள் குனிகிறாள்.
அங்கே நிறுத்தி, துளித்துளியாய் நகர்த்தினேன்.

உதைத்துக்கொண்டிருந்த கால் நிற்கிறது.
சுவரை விட்டுத் தலை திரும்புகிறது,
அவன் உடம்புக்குச் சற்றே கனமான தலை.
அவள் முகம் இருந்த இடத்துக்கு வந்து சேர்கிறது.
அங்கே முகமில்லை.
இல்லாத இடத்தையே பார்க்கிறான்.
வாய் ஒருமுறை குவிகிறது,
சற்றுமுன் அவள் குவித்த அதே குவிப்பு.

அவள் நிமிர்கிறாள், மூடியோடு.
ஒரு கணம் கண்ணும் கண்ணும்.
பிறகு சுவர்.

"வெறுப்பில்லை இது," என்றேன்.
"மார்ச் வெயில் பனியில் பட்டுத் தெறிக்கும்போது
நாம் கண்ணைத் திருப்புகிறோமே, அதுமாதிரி.
கூசுகிறது அவனுக்கு. கூச்சம் தீர்ந்ததும் வருவான்."

"மறுபடி," என்றாள்.
போட்டேன்.
எட்டு முறை.
ஒன்பதாவது முறை என் கையை விலக்கித் தானே அழுத்தினாள்.

படிவத்தில் எடைக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம்.
'காத்திருந்தான்' என்று எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன். மேலிடம் கேட்டால் கேட்கட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
அடுத்த வியாழன் கதவு திறக்கவில்லை.
அதற்கடுத்த வியாழன் திறந்தாள், கண் வீங்கி.
ராத்திரி அழுகை நிற்காமல் அவனிடம் கத்திவிட்டாளாம்.
பிள்ளை அப்படியே உறைந்துபோனானாம்.
குளியலறைக்குள் போய்
தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாளாம்.
"பிறகு?"
"பிறகு வெளியே வந்தேன்."
மூன்றே சொல். என் வயிற்றில் பால் வார்த்தாள்.
வெளியே வந்தபோது
அவன் கதவுப் பக்கம் பார்த்தபடி கிடந்தானாம்.
தூக்கி, தப்பு என்மேல்தான் என்றாளாம்,
நாலு மாதப் பிள்ளையிடம், முழு வாக்கியமாய்.

கேமராவை நான் வெளியே எடுக்கவில்லை.
உள்ளறையில் யால்மரியின் குறட்டை,
தூரத்தில் ஏதோ வண்டி பனியைச் சுரண்டும் சத்தம்.
மடியில் கிடத்தி முகம் கொடுத்தாள்.
அவன் அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு
சுவரிடம் போனான்,
கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வருபவன்போல.

சிர்க்கு மூடியைத் தேடவில்லை. என்னைப் பார்க்கவில்லை.
கொடுத்த முகத்தை
அந்த இடத்திலேயே வைத்திருந்தாள்.